நாய்த் தட்டின் கதை: எவர்சில்வரா, பீங்கானா, மூங்கிலா?

1/
நாய்க்கும் பூனைக்கும் எந்தத் தட்டில் சோறு வைக்கிறது? பிளாஸ்டிக் கெடுதல்னு சொல்றாங்களே, உண்மையா? 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது'னு அச்சடிச்சு விற்கிற மூங்கில் கிண்ணம் வாங்கலாமா?

இது கால்நடை மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியாச்சே, மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் எதுக்கு இதைப் பற்றி இழை எழுதணும் என்று நினைக்கலாம். காரணம் இருக்கிறது. கடந்த நூறு வருட மருத்துவ வரலாற்றைப் புரட்டினால், மனிதர்களைத் தாக்கிய சில பெரிய விஷங்கள் முதலில் தெரிந்தது விலங்குகளின் சாப்பாட்டுத் தட்டிலும் தண்ணீர் பாட்டிலிலும்தான். அந்தக் கதைகளைத் தெரிந்துகொண்டால் எந்தத் தட்டு வாங்குவது என்ற கேள்விக்குப் பதில் தானாகவே வந்துவிடும். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
முதலில் நம் வீட்டுப் பழக்கத்தைப் பார்ப்போம். நாய்க்குன்னு தனியா தட்டு வாங்குவது நம்ம ஊரில் சமீபத்திய வழக்கம். அதற்கு முன்பு கொட்டாங்குச்சி, உடைந்த மண்சட்டி, மாட்டுக்குக் கல்தொட்டி. இவற்றிலிருந்து சாப்பாட்டில் இறங்குவதற்குப் பெரிதாக எதுவும் கிடையாது.

இன்றைக்கு நிலைமை வேறு. சமையலறையில் ஓய்வு பெற்ற பாத்திரம்தான் நாய்க்குப் போகிறது. கோட்டிங் உரிந்த நான்-ஸ்டிக் தவா, விளிம்பு உடைந்த பீங்கான் கிண்ணம், கீறல் விழுந்து மஞ்சளாகிப் போன பிளாஸ்டிக் டப்பா. 'நமக்கு ஆகாது, நாய்க்குப் போதும்' என்ற கணக்கு.

இந்தக் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது. 60 கிலோ மனிதன் நாளொன்றுக்கு நாலு பாத்திரங்களில் சாப்பிடுகிறான். 5 கிலோ நாய்க்குட்டி வருடம் முழுக்க ஒரே தட்டில் சாப்பிட்டு, அதையும் பளபளக்கும் வரை நக்குகிறது. தட்டிலிருந்து ஏதாவது இறங்கினால் உடல் எடைக்கு ஏற்ற அளவில் அதற்குத்தான் அதிகம் போகும். அதற்கு அடுத்தபடியாக யாருக்கு? அதே தரையில் தவழ்ந்து, கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும் உங்கள் குழந்தைக்கு.

3/
முதல் கதை ஜப்பான். மினமாட்டா என்ற கடலோர ஊர். 1950களின் நடுவில் அங்கே மீனவர் வீட்டுப் பூனைகள் விசித்திரமாக நடந்துகொள்ள ஆரம்பித்தன. தள்ளாடும், வலிப்பு வரும், வட்டமடித்துச் சுற்றும், சில கடலில் விழுந்து செத்தன. ஊர்க்காரர்கள் அதைப் 'பூனை ஆட்ட நோய்' என்றார்கள். மீன் வெட்டியதில் மிஞ்சும் தலையும் குடலும்தானே பூனைக்குச் சாப்பாடு?

1956 ஏப்ரலில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று நடக்க முடியாமல், பேச முடியாமல் மருத்துவமனைக்கு வந்தது. சில நாட்களில் அதன் இரண்டு வயதுத் தங்கைக்கும் அதே நிலை. அந்த ஊரில் இருந்த சிஸ்ஸோ இரசாயனத் தொழிற்சாலையின் மருத்துவமனை இயக்குநர் ஹஜிமே ஹொசோகாவா. மே 1 அன்று, மத்திய நரம்பு மண்டலத்தைத் தாக்கும் காரணம் தெரியாத நோய் பரவுகிறது என்று சுகாதாரத் துறைக்குத் தகவல் போனது அவருடைய மருத்துவமனையிலிருந்துதான்.

4/
அந்தத் தொழிற்சாலை அசிட்டால்டிஹைடு தயாரித்தது. அதற்குப் பாதரசம் வினையூக்கி. கழிவு நீர் நேராகக் கடலுக்கு. அதில் இருந்த மெத்தில் மெர்க்குரி மீனில் சேர்ந்து, மீனிலிருந்து பூனைக்கும் மனிதனுக்கும் வந்தது. ஆனால் அப்போது இது நிரூபிக்கப்படவில்லை. கம்பெனி மறுத்துக்கொண்டே இருந்தது.

1959-இல் டாக்டர் ஹொசோகாவா ஒரு எளிய சோதனை செய்தார். ஆலையின் கழிவு நீரை எடுத்துப் பூனையின் சாப்பாட்டில் ஊற்றிக் கொடுத்தார். அந்தப் பூனைக்கு எண் 400. ஜூலையில் ஆரம்பித்த சோதனை. அக்டோபரில் அந்தப் பூனை தள்ளாடியது, வலிப்பு வந்தது. ஊர்ப் பூனைகளுக்கு வந்த அதே நோய்.

விடை கிடைத்துவிட்டது. ஆனால் வெளியே வரவில்லை. நிர்வாகம் முடிவை மறைத்தது. அவர் கம்பெனி மருத்துவர். அவரும் வெளியில் பேசவில்லை.

5/
அந்த மௌனத்தின் விலை என்ன? கழிவு தொடர்ந்து கடலில் கலந்தது. 1965-இல் ஜப்பானின் இன்னொரு மூலையில், நீகாட்டாவில், வேறொரு கம்பெனியின் கழிவால் அதே நோய் மறுபடி வந்தது. சிஸ்ஸோ அந்த முறையை நிறுத்தியது 1968 மே மாதம். அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது அதே வருடம் செப்டம்பரில்.

1970-இல் புற்றுநோயால் படுத்த படுக்கையாக இருந்த ஹொசோகாவா, மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே பூனை 400 பற்றிச் சாட்சியம் சொன்னார். சில மாதங்களில் இறந்துபோனார். 1973-இல் பாதிக்கப்பட்டவர்கள் வழக்கில் வென்றார்கள். அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கப்பட்ட நோயாளிகள் மட்டும் 2,200-க்கும் மேல்.

ஒரு பூனையின் சாப்பாட்டுக் கிண்ணம் சொன்ன சேதியைக் கேட்டிருந்தால் ஒன்பது வருடக் கழிவு கடலுக்குப் போயிருக்காது. மருத்துவ மாணவர்களுக்கு இந்தக் கதையை அவசியம் சொல்லணும்னு நான் நினைப்பது இதனால்தான்.

6/
மினமாட்டாவில் குற்றவாளி தட்டு இல்லை, தட்டில் இருந்த மீன். இனி தட்டுக்கே வருவோம். இரண்டாவது கதை ஈயம்.

தமிழில் ஒரு குழப்பம் உண்டு. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். அது வேறு உலோகம். நான் சொல்வது காரீயம். பழைய பெயிண்ட், பழைய பேட்டரி, பழைய பெட்ரோல் எல்லாவற்றிலும் இருந்தது. குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது இதுதான். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதற்குக் கிடையாது.

1976-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 83 குடும்பங்களை எடுத்து, குழந்தைகளுக்கும் அவர்கள் வீட்டு நாய்களுக்கும் சேர்த்தே இரத்தப் பரிசோதனை செய்த ஆய்வு வெளியானது. எந்த வீட்டு நாயின் இரத்தத்தில் காரீயம் அதிகமோ, அந்த வீட்டுக் குழந்தைக்கும் அதிகமாக இருக்க வாய்ப்பு கூடுதல் என்று தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. இரண்டும் ஒரே தரையில் புரள்கின்றன, ஒரே தூசியை நக்குகின்றன.

7/
காரீயம் பாத்திரத்துக்கு எப்படி வந்தது? மண்பாண்டத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு மெருகு பூசுவார்களே, அதில். காரீய ஆக்சைடு சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே மெருகு உருகிப் பளபளப்பாகப் பிடிக்கும். சூளையில் சரியான வெப்பத்தில் சுட்டால் பெரும்பகுதி கண்ணாடிக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். சூடு போதாவிட்டால், புளிப்பான எதை ஊற்றினாலும் காரீயம் இறங்கும்.

1970-இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரை இது. கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் ஒரு சின்னப் பையன் காரீய நஞ்சால் இறந்துபோனான். பெயிண்ட் இல்லை, பேட்டரி இல்லை. அழகான கைவினை மண் ஜாடி ஒன்றில் ஊற்றி வைத்த ஆப்பிள் ஜூஸை அவன் தினமும் குடித்திருக்கிறான். அவ்வளவுதான். பாத்திரங்களிலிருந்து எவ்வளவு காரீயம் இறங்கலாம் என்ற கட்டுப்பாடுகள் மேலை நாடுகளில் இறுகியது இந்த மாதிரி நிகழ்வுகளுக்குப் பிறகு, 1970களில்தான்.

8/
நம்ம ஊர் நாய்க்கு ஆப்பிள் ஜூஸ் யாரும் வைப்பதில்லை. ஆனால் தயிர் சாதம் வைக்கிறோம், மோர் சாதம் வைக்கிறோம். இரண்டும் புளிப்பு.

அதனால் பீங்கான் கிண்ணம் வாங்கினால் கவனிக்க வேண்டியது இதுதான். உட்புறம் வெள்ளையாக, படம் இல்லாமல் இருக்கணும். பளீர் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு ஓவியங்கள் உள்பக்கம் இருந்தால் வேண்டாம். அந்த நிறங்களுக்குக் காட்மியமும் காரீயமும் சேர்ப்பது பழைய வழக்கம். கைவினைச் சந்தையில் அலங்காரத்துக்கு வாங்கியதைச் சாப்பாட்டுக்கு வைக்காதீங்க. மெருகில் வெடிப்பு விட்டிருந்தாலும் விளிம்பு உடைந்திருந்தாலும் அதைச் செடி வைக்கப் பயன்படுத்துங்க.

மெருகே பூசாத சாதாரண மண்சட்டியில் இந்தப் பிரச்சினை இல்லை. கோடையில் குருவிக்கும் தெருநாய்க்கும் தண்ணீர் வைக்க அதைவிட நல்லது கிடையாது. ஆனால் அதில் நுண்துளைகள் உண்டு. கறியும் மீனும் தினமும் வைத்தால் கொழுப்பும் கிருமியும் உள்ளே ஊறிவிடும், கழுவி எடுப்பது கஷ்டம்.

9/
மூன்றாவது கதை பிளாஸ்டிக். இதில் வருவது எலியின் தண்ணீர் பாட்டில்.

1998. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம். பாட்ரிஷியா ஹன்ட் என்ற விஞ்ஞானி எலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். குரோமோசோம் கோளாறு உள்ள முட்டைகள் வழக்கமாக நூற்றுக்கு ஒன்றிரண்டு இருக்கும். திடீரென ஒரு நாள் அது 40 சதவீதத்துக்கு எகிறியது. ஒன்றும் புரியவில்லை. உணவை மாற்றவில்லை, எலியை மாற்றவில்லை.

வாரக்கணக்கில் துருவிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. கூண்டும் தண்ணீர் பாட்டிலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அவற்றைக் கழுவும்போது தரை கழுவும் கடுமையான திரவத்தைத் தவறுதலாகப் போட்டுவிட்டார்கள். பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு அரித்து, உள்ளேயிருந்த பிஸ்பீனால்-ஏ, சுருக்கமாக பிபிஏ, வெளியே வந்து தண்ணீரில் கலந்திருந்தது. அதே நிலையைத் திட்டமிட்டு மறுபடி உருவாக்கிச் சோதித்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்.

10/
இதில் வேடிக்கை என்னன்னா, பிபிஏ ஒரு ஹார்மோன் மாதிரி நடந்துகொள்ளும் என்பது 1936-லேயே தெரியும். லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்ற மருத்துவ விஞ்ஞானி ஈஸ்ட்ரோஜனுக்கு மாற்று மருந்து தேடியபோது பிபிஏ-வையும் சோதித்திருக்கிறார். அதைவிட வலுவான ஒன்று கிடைத்ததால் மருந்தாக அது வரவில்லை. 1953-இல் அதே பிபிஏ-வை வைத்துப் பாலிகார்பனேட் என்ற உடையாத, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் செய்தார்கள். மருந்தாக மாறாதது பால் பாட்டிலாக மாறியது!

கனடா 2008-இல் குழந்தைகளின் பால் பாட்டிலில் பிபிஏ-வைத் தடை செய்யப் போவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல், அமெரிக்கா 2012-இல் அதையே செய்தன. மனிதக் குழந்தையின் பாட்டிலைப் பற்றி உலகம் யோசிக்க, எலியின் பாட்டிலும் ஒரு காரணம்.

எல்லா பிளாஸ்டிக்கும் பாலிகார்பனேட் இல்லை. ஆனால் பாடம் பொதுவானது. சூடு, புளிப்பு, கடுமையான சோப்பு, கீறல் இந்த நாலும் சேரும்போது பிளாஸ்டிக்கிலிருந்து ஏதோ ஒன்று இறங்கும். நாயின் பல்லும் நகமும் படாத பிளாஸ்டிக் தட்டு எங்கே இருக்கு? அந்தக் கீறல்களில் கிருமிகளும் குடியேறும்; தேய்த்தாலும் போகாது.

11/
நான்காவது கதை எனக்கு மிகவும் வருத்தம் தரும் கதை.

2007 மார்ச். வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து சாக ஆரம்பித்தன. மார்ச் 16 அன்று மெனு ஃபுட்ஸ் என்ற கம்பெனி 6 கோடிக்கும் மேற்பட்ட டின்களையும் பொட்டலங்களையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. சீனாவிலிருந்து இறக்குமதியான கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது தெரியவந்தது.

மெலமைனை எதுக்குக் கலக்கணும்? உணவில் புரதம் எவ்வளவு என்று பார்க்க, 1883-இல் ஜோஹான் கெல்டால் என்ற டேனிஷ் வேதியியலாளர் கண்டுபிடித்த முறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அது புரதத்தை நேரடியாக அளக்காது, நைட்ரஜனை அளக்கும். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கொஞ்சம் தூவினால் போதும், மட்டமான மாவும் சோதனையில் உயர்தரப் புரதமாகத் தெரியும்.

12/
மெலமைனும் அதோடு வந்த சயனூரிக் அமிலமும் சிறுநீரகத்துக்குள் சந்தித்தால் படிகமாகிவிடும். நுண்குழாய்கள் அடைத்துக்கொள்ளும். செத்த விலங்குகளின் சிறுநீரகத்தில் மருத்துவர்கள் பார்த்தது அதைத்தான். இன்னொன்றும் தெரிந்தது. 2004-இல் ஆசிய நாடுகளில் நாய்களுக்கு ஒரு சிறுநீரகக் கொள்ளைநோய் வந்திருந்தது. அதற்குப் பூஞ்சை நஞ்சு காரணம் என்று அப்போது முடிவு கட்டியிருந்தார்கள். பத்திரப்படுத்தி வைத்திருந்த திசுக்களை மறுபடி பார்த்தபோது அதே படிகங்கள்.

ஆக இரண்டு முறை மணி அடித்தாகிவிட்டது. 2008 செப்டம்பரில் என்ன நடந்தது? சீனாவில் குழந்தைகளுக்கான பால் பவுடரில் மெலமைன். ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அரசுக் கணக்குப்படி 6 குழந்தைகள் இறந்தார்கள். அதே தந்திரம், அதே இரசாயனம், அதே சிறுநீரகம்.

நாய்க் கிண்ணத்தில் நடந்ததை 'அது நாய்க்குத்தானே' என்று விடாமல், உடனே பாலிலும் தேடியிருந்தால்? இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

13/
இப்போ மூங்கில் கிண்ணத்துக்கு வருவோம்.

மெலமைன் தட்டு என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஹோட்டலில் கீழே போட்டாலும் உடையாத, பீங்கான் மாதிரி தெரியும் தட்டு. மெலமைனையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துக் கெட்டியாக்கிய பிளாஸ்டிக் அது. கலப்படப் பால் பவுடரையும் இதையும் ஒன்றாக்கிப் பயப்பட வேண்டாம். அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் சூடாக ஊற்றினால் கொஞ்சம் இறங்கும் என்பது நிரூபணம் ஆனது. 2013-இல் வெளியான தைவான் ஆய்வில் 12 பேருக்குச் சூடான நூடுல்ஸ் சூப் கொடுத்துப் பார்த்தார்கள். மெலமைன் கிண்ணத்தில் சாப்பிட்டவர்களின் சிறுநீரில், பீங்கானில் சாப்பிட்டவர்களைவிட மெலமைன் பல மடங்கு.

14/
'மூங்கில் நார்க் கிண்ணம்' என்று விற்பதில் பெரும்பாலானவை முழு மூங்கில் கிடையாது. மூங்கிலை மாவாக அரைத்து, அதே மெலமைன் பிசினில் குழைத்து அச்சில் வார்த்தது. தொட்டுப் பார்த்தால் மரம் மாதிரி, விளம்பரத்தில் 'இயற்கை', 'மக்கும்'. உண்மையில் அது மக்காது, மறுசுழற்சியும் ஆகாது.

2020-இல் ஜெர்மனியின் அரசு ஆபத்து மதிப்பீட்டு நிறுவனம், சூடான பானம் ஊற்றும்போது இந்த மூங்கில் பாத்திரங்களிலிருந்து மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் கவலைப்படும் அளவுக்கு இறங்கலாம் என்று எச்சரித்தது. மூங்கில் மாவு சேர்ந்தால் பிளாஸ்டிக் இன்னும் சீக்கிரம் சிதைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் இவற்றைச் சந்தையிலிருந்து அகற்றத் தனி நடவடிக்கையே எடுத்தது.

அதனால் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்ற வார்த்தையை மட்டும் நம்பி வாங்காதீங்க. எதனோடு சேர்த்து ஒட்டியிருக்காங்கன்னு கேளுங்க. முழு மூங்கில், முழு மரம் என்றால் வேறு விஷயம். ஆனால் மரமும் ஈரத்தை உறிஞ்சும், வெடிக்கும், பூஞ்சை பிடிக்கும். தினமும் ஈரச் சோறு வைக்க ஏற்றதில்லை.

15/
அப்போ எதைத்தான் வாங்குறது? ஐந்தாவது கதை, நல்ல கதை.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. ஹாரி பிரியர்லி, எஃகு உருக்கும் தொழிலாளியின் மகன், 12 வயதில் படிப்பை நிறுத்தியவர். ஆய்வுக்கூடத்தில் எடுபிடியாகச் சேர்ந்து கற்றுக்கொண்டு பெரிய ஆளாக வந்தார். துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேய்ந்துபோவதற்குத் தீர்வு தேடும்போது, 1913 ஆகஸ்டில் 12.8 சதவீதம் குரோமியம் சேர்த்து ஒரு எஃகு உருக்கினார். துப்பாக்கிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஆனால் அமிலம் அதை அரிக்கவில்லை. ஜெர்மனியில் க்ரூப் கம்பெனியும் அதற்குச் சற்று முன்பே இன்னொரு வகைக்குக் காப்புரிமை கேட்டிருந்தது.

மேலதிகாரிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிரியர்லி அதைக் கத்தி செய்யும் பட்டறைக்கு எடுத்துப் போனார். அங்கே வினிகரில் போட்டுப் பார்த்தார்கள், கறை பிடிக்கவில்லை. 'ஸ்டெயின்லெஸ்' என்ற பெயர் அங்கேதான் பிறந்தது.

16/
அதில் என்ன மாயம்? குரோமியம் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படியும். கீறினால் அந்த இடத்தில் படலம் மறுபடி தானாகவே உருவாகும். பூச்சு கிடையாது, அதனால் உரிவதற்கும் ஒன்றுமில்லை. நாய் கடித்தாலும் நகத்தால் பிறாண்டினாலும் அது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்.

தமிழில் இதற்கு எவ்வளவு அழகான பெயர் பாருங்க: எவர்சில்வர். பித்தளைக்கு அடிக்கடி ஈயம் பூசணும், அலுமினியம் புளிப்பில் கரையும், வெண்கலம் கனம். எவர்சில்வர் வந்ததும் புளிக்குழம்பு, மோர், ரசம் எதற்கும் கவலையில்லை. 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியபோது நம் ஊரிலேயே அதன் தகடு உருளத் தொடங்கியது.

17/
வாங்கும்போது இரண்டு விஷயம்.

ஒன்று, ரகம். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் உள்ளது 304 ரகம். விலை குறைந்த 200 வரிசையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்ப்பார்கள். உப்பிலும் புளிப்பிலும் அதன் தாங்குதிறன் குறைவு. 'காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர்' என்பது நம்பத்தக்க சோதனை இல்லை. 200 வரிசையிலும் காந்தம் ஒட்டாது. 304-ஐ அழுத்தி வளைத்த இடத்தில் லேசாக ஒட்டவும் செய்யும். தட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்க, துருப்புள்ளி வந்தால் மாற்றுங்க.

இரண்டு, வெளியே பெயிண்ட் அடித்த, எலும்புப் படம் போட்ட கிண்ணம் வேண்டாம். உரிந்தால் நாய் தின்னும்.

எவர்சில்வருக்கும் ஒரு கறுப்பு அத்தியாயம் உண்டு, மறைக்கக் கூடாது. 2012-இல் அமெரிக்காவில் பெட்கோ என்ற கடைச் சங்கிலி சில எஃகு நாய்க் கிண்ணங்களைத் திரும்பப் பெற்றது. குறைந்த அளவு கோபால்ட்-60 கதிரியக்கம் இருந்தது. பழைய மருத்துவக் கருவியோ ஆய்வுக் கருவியோ பழைய இரும்போடு சேர்ந்து உலையில் உருகினால் இப்படி ஆகும். டெல்லி மாயாபுரியில் 2010-இல் அப்படி ஒரு கருவி காயலான் கடைக்குப் போய் ஒரு தொழிலாளியின் உயிரே போனது. குற்றம் எஃகின் மேல் இல்லை. கழிவை யார் கண்காணிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

18/
சுற்றுச்சூழல் கணக்கையும் போட்டுவிடலாம். எஃகு உருக்க நிறைய ஆற்றல் செலவாகும், உண்மைதான். ஆனால் அந்தத் தட்டு உங்கள் நாயின் ஆயுசைத் தாண்டி, அடுத்த நாய்க்கும் வரும். கடைசியில் எடைக்குப் போட்டால் காசு கிடைக்கும், மறுபடி உருகித் தட்டாகும். எடைக்குப் போட்டால் காசு தரும் பொருள் குப்பைமேட்டுக்குப் போவதில்லை. நம்ம ஊரில் மறுசுழற்சி நடப்பது இந்த ஒரே விதியால்தான். மூங்கில்-மெலமைன் கிண்ணத்தை எந்தக் காயலான் கடைக்காரரும் வாங்க மாட்டார்.

19/
தட்டு சரியாக வாங்கியாச்சு. கழுவவில்லை என்றால் எல்லாம் வீண்.

2006 முதல் 2008 வரை அமெரிக்காவில் 79 பேருக்கு ஒரே வகை சால்மொனெல்லா தொற்று. ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள். காரணம் நாய்க்கான உலர் உணவு. ஆய்வில் தெரிந்த ஒரு விஷயம்: சமையலறையில் வைத்து நாய்க்கும் பூனைக்கும் சாப்பாடு போடும் வீடுகளில் குழந்தைகளுக்குத் தொற்று அதிகம்.

அதனால் தட்டு சமையலறையில் வேண்டாம். சாப்பிட்ட உடனே சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேயுங்க. அதற்குத் தனி நார் வைத்துக்கொள்ளுங்க. கழுவிய பிறகு உங்கள் கையையும்.

20/
தண்ணீர்க் கிண்ணம் தனிக் கதை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நல்ல தண்ணீர், சின்னப் பாத்திரம், வீட்டு நிழல் மூன்றும் பிடிக்கும். நாய்க் கிண்ணத்தில் மூன்றும் இருக்கு.

தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினால் போதாது. ஏடிஸ் முட்டை பாத்திரத்தின் உள்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த முறை தண்ணீர் ஏறும்போது பொரியும். தினமும் தண்ணீரை மாற்றணும், வாரத்துக்கு ஒரு முறையாவது உட்புறம் முழுக்க அழுத்தித் தேய்க்கணும். தெருநாய்க்கும் பறவைக்கும் வைக்கும் மண்சட்டிக்கும் இதே விதி.

21/
சுருக்கமா:

• முதல் தேர்வு: பெயிண்ட் இல்லாத, கனமான 304 எவர்சில்வர். செல்லப்பிராணிக் கடையில்தான் வாங்கணும்னு இல்லை. பாத்திரக்கடையில் நமக்கு வாங்கும் தட்டே போதும். வழுக்கினால் அடியில் ஒரு துணி.

• இரண்டாவது: உட்புறம் வெள்ளையான, உடையாத, வெடிப்பில்லாத பீங்கான். தண்ணீருக்கு மட்டும் மெருகு இல்லாத மண்சட்டி.

• வேண்டாம்: கீறிய பிளாஸ்டிக், மெலமைன், மூங்கில்மாவுக் கிண்ணம், உள்ளே ஓவியம் உள்ள அலங்காரப் பீங்கான், உரிந்த நான்-ஸ்டிக், புளிப்புச் சோற்றுக்கு அலுமினியம்.

• சாப்பாடு ஆறிய பிறகு வையுங்க. சூடு எந்தப் பாத்திரத்துக்கும் நல்லதில்லை, நாய் வாய்க்கும் நல்லதில்லை.

22/
கடைசியா ஒன்று. உங்கள் நாயோ பூனையோ காரணமில்லாமல் சாப்பிட மறுத்தால், அடிக்கடி வாந்தி எடுத்தால், தள்ளாடினால், வலிப்பு வந்தால், கால்நடை மருத்துவரிடம் உடனே கூட்டிட்டுப் போங்க. என்ன தட்டு, என்ன உணவு, வீட்டில் சமீபத்தில் பெயிண்ட் சுரண்டினீர்களா என்பதையும் அவரிடம் சொல்லுங்க. அப்படியே வீட்டில் குழந்தை இருந்தால், அதன் டாக்டரிடமும் ஒரு வார்த்தை. மினமாட்டாவிலும் இல்லினாயிலும் விலங்குக்கு வந்தது வீட்டு மனிதர்களுக்கும் வந்திருந்தது.

நமக்கு ஆகாத பாத்திரம் நாய்க்கும் ஆகாது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தத் தட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க.